இன்வர்கார்கில்ல இருந்து அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணா,

அம்மா, அண்ணி, பசங்க எல்லாரும் சௌக்கியமா? நான் நல்லா இருக்கேன். அங்க என்னதான்டா வேலைன்னு போன்ல கேட்டீங்க, அவசரத்துல சரியா சொல்ல முடியல. பட்டறை வச்சிருக்கற உங்களுக்கு சொன்னா புரியும், அதான் எழுதறேன்.

இது நியூசிலாந்தோட தெக்குக் கோடி, சவுத்லேண்ட். எங்க பாத்தாலும் பால் பண்ணை. நமக்கு ஆவணி பொறக்கறப்ப இங்க குளிர் முடியற நேரம், மாடுங்க கன்னு போடற சீசன், தரை பூரா சேறு. மாடு ஓட்டறது, கன்னுக்குட்டிய ட்ரெய்லர்ல ஏத்திட்டு வர்றது, வேலி பாக்கறது எல்லாமே நாலு சக்கர குவாட் பைக்லதான். அந்த வண்டிங்கதான் எங்க ஒர்க்‌ஷாப்புக்கு வருது, இந்த சீசன்ல பெரும்பாலும் சக்கரம் லேசா சுத்த உள்ள குண்டு வச்ச பேரிங், சஸ்பென்ஷன் மூட்டுல வர்ற குழாய் மாதிரி புஷ், இந்த ரெண்டு வேலைதான்.

பேரிங்க கெடுக்கறது ஓட்டம் இல்லண்ணா, தண்ணி. சேறும் சாணியும் பேரிங்க மூடற ரப்பர் சீல் ஓரத்துல காஞ்சு அதோட விளிம்பான லிப்பை அறுத்துடுது, அப்புறம் சாயந்திரம் பிரஷர் வாஷர எடுத்து நேரா சக்கரத்து நடுவுல இருக்கற ஹப்ப பாத்து அடிக்கறாங்க, கழுவறோம்னு நெனச்சு தண்ணிய உள்ள தள்ளிடறாங்க. கழட்டிப் பாத்தா கிரீஸ் வெளுத்துப் போயி, பேரிங் குண்டுல எல்லாம் துருப் புள்ளி.

சக்கரத்துல ஆட்டம் எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிக்கறதுதான் பாதி வேலை. வண்டிய ஜாக்கில தூக்கி டயர மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டணும், ஆட்டும்போதே இன்னொருத்தர பிரேக் பிடிக்கச் சொல்லணும். பிரேக் பிடிச்சதும் ஆட்டம் நின்னா வீல் பேரிங், அப்பவும் ஆடுச்சுன்னா குண்டு மூட்டான பால் ஜாயிண்ட், இல்லன்னா சக்கரத்த வண்டியோட சேக்கற ஏ ஆர்ம் கையோட புஷ். இதப் பாக்காம பேரிங்க மாத்தி அனுப்புனா வண்டி அதே ஆட்டத்தோட திரும்பி வரும்.

புஷ்ல பிளாஸ்டிக் தேயறது சின்ன விஷயம், உள்ள இருக்கற ஸ்டீல் ஸ்லீவ் போல்ட்டோட சேந்து துருப்பிடிச்சு இறுகிடும், அதக் கழட்டறதுக்குள்ள கை விட்டுப் போகும். பேரிங்லயும் சில சமயம் அவுட்டர் ரேஸ்ங்கற வெளி வளையம் மட்டும் ஹப்லயே மாட்டிக்கும். அப்ப எங்க ஃபோர்மேன் ரேஸோட உள்பக்கம் சுத்தி ஒரு வெல்டிங் கோடு இழுப்பாரு, ஆறும்போது ரேஸ் சுருங்கி தானா கழண்டு கைல விழும். மொத தடவ பாத்தப்ப அசந்துட்டேண்ணா, நீங்க பக்கத்துல இருந்திருக்கணும்.

புதுசு போடறப்ப பேரிங்க ஃப்ரீசர்ல வச்சு, ஹப்ப லேசா சூடு காட்டி, அவுட்டர் ரேஸ மட்டும் தட்டி எறக்கறோம். உள்ரேஸ்ல தட்டுனா குண்டு அழுந்தி ரேஸ்ல குழி விழுந்துடும், கொஞ்ச நாள்ல சத்தம் வரும். ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல வர்ற ஸ்பேசர் குழாய விடவே கூடாது, அது இல்லாம ஆக்ஸில் நட்ட இறுக்குனா லோடு பூரா பேரிங் மேலதான் விழும். பேரிங் நகராம பிடிக்கற சர்க்ளிப் போட்டு, சீல் எப்பவும் புதுசு, லிப்ல தண்ணி தாங்கற மெரின் கிரீஸ். பழைய சீலையே போடுன்னு காசு பாத்து கேக்கறவங்க உண்டு, நான் ஒத்துக்கறதில்ல.

ஏன்னா இங்க குன்றுச் சரிவுலதான் ஓட்டறாங்க. பண்ணைல நடக்கற சாவுக்கு குவாட் பைக் கவிழ்றது ஒரு பெரிய காரணம். சீட்டுக்குப் பின்னாடி மாட்டற பாதுகாப்புக் கம்பிக்கு ஏசிசின்னு அரசாங்க விபத்து நிதில இருந்தே மானியம் குடுத்திருக்காங்க. கம்பி கவிழ்ந்தப்புறம் காப்பாத்தும், ஆனா சரிவுல எறங்கறப்ப முன் வீல் ஆடாம இருக்கணும்ல, அது எங்க கைலதான இருக்கு. சின்னச் சின்னப் பசங்க விடியறதுக்கு முன்னாடியே அந்த வண்டில போறாங்கண்ணா.

நம்ம டில்லர் ட்ரெய்லர் வீல்ல கரகரன்னு சத்தம் வருதுன்னீங்களே, உடனே கழட்டுங்க. பேரிங் ஓரத்தத் துடைச்சா நம்பர் தெரியும், 6205ன்னா கடைசி 05ஐ அஞ்சால பெருக்கி உள்விட்டம் 25 மில்லி. நம்பர் அழிஞ்சிருந்தா உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூணையும் வெர்னியர்ல அளந்து போட்டோவோட அனுப்புங்க, என்ன பேரிங்னு பாத்து சொல்றேன். வாங்கறப்ப ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் வச்சதா கேட்டு வாங்குங்க.

அன்புடன்,
உங்கள் தம்பி