மழலைகளைப் பாட விடுங்கள்

ஆசிரியருக்கு,

விஜயதசமி சேர்க்கை நெருங்கினால் சேலத்தில் பேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டிப் பக்கமெல்லாம் மழலையர் பள்ளி விளம்பரத் தட்டிகள்தான். சாஸ்திரிய இசை கேட்டால் மூளை வளரும் என்று சொல்லி, குழந்தைகள் தூங்கும் நேரத்திலும் ஒலிபெருக்கியை ஓடவிடும் பள்ளிகள் உண்டு. இந்த நம்பிக்கை பரவக் காரணம், 1993-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு சிறு ஆய்வு. அதில் 10 நிமிடம் மேற்கத்திய இசைமேதை மொசார்ட்டின் இசையைக் கேட்டவர்கள் கல்லூரி மாணவர்கள். கிடைத்த பலனும் கால் மணி நேரத்துக்குமேல் நிற்கவில்லை.

குழந்தை தானே பாடித் தாளம் போட வேண்டும். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 3, 4 வயதில் தாளத்தோடு ஒட்டித் தட்டத் தெரிந்த பிள்ளைகள் சொற்களின் ஒலிகளைப் பிரித்தறிவதிலும் முன்னே நின்றார்கள். கர்நாடக இசையின் முதல் பாடமான நம் சரளி வரிசையில் 'ஸ' ஓர் அட்சரம், அதாவது ஒரு தாள எண்ணிக்கை; 'ஸா' இரண்டு. அதைத் தட்டிப் பழகிய பிள்ளைக்குப் 'படம்', 'பாடம்' சொல்லிக் குறில் நெடில் புரியவைப்பது எளிது.

தினமும் 15 நிமிடம் போதும். 3 வயதில் தாளத்துக்கு விரல் எண்ண வராது. நான்கு எண்ணிக்கைக்குக் கைதட்டி நடக்கட்டும். தட்டியும் விரல் எண்ணியும் போடும் எட்டு எண்ணிக்கை ஆதி தாளத்துக்கு 5 வயதாவது ஆக வேண்டும். பாட ஆதாரமான சுருதி, பிள்ளைகளுக்கு 5½ அல்லது 6 கட்டை (கட்டை என்பது சுருதியின் அளவு). ஆண் ஆசிரியர் தம் 1 கட்டையிலேயே தொடங்கினால், பிள்ளைகள் கீழே முனகுவார்கள், மேல் ஸட்ஜத்தில் (உச்ச 'ஸ'வில்) கத்துவார்கள். உடனே பெற்றோர் 'இவனுக்குக் குரலே இல்லை' என்று பாட்டை நிறுத்திவிடுகிறார்கள். எவ்வளவு பெரிய அநியாயம்!

இரண்டாம் காலத்தில், அதாவது தாளத்தின் வேகம் மாறாமல் இருமடங்கு வேகத்தில் பாடும்போது, பல பிள்ளைகள் குரலோடு கையையும் வேகமாக்கிவிடுவார்கள். திட்டிப் பயனில்லை, அந்த வயதில் இரண்டும் சேர்ந்துதான் ஓடும். ஆசிரியர் குழந்தையின் உள்ளங்கையில் முதல் காலத்திலேயே தாளத்தைத் தட்ட, குழந்தை பாட மட்டும் செய்யட்டும். குரல் நிலைத்தபின் தாளத்தை அதன் கையிலேயே விட்டுவிடலாம்.

அரசு இசைப்பள்ளியில் 12 வயதுக்கு மேல்தான் இடம். அதுவரை காத்திருக்க வேண்டாம். அந்தப் பள்ளி ஆசிரியர்களைக் கொண்டே அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு மாவட்ட நிர்வாகம் இரண்டு நாள் பயிற்சி தரலாம். ஏற்காடு மலைக் கிராம மையங்களையும் விட்டுவிடக் கூடாது. வாத்தியம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. சுருதிக்கு ஒரு செல்போன் போதும்.

இசை ஆசிரியை,
குகை, சேலம்.