குவார்ட்டர்பேக்கின் மூளைக்கு மதிப்பெண் போடுகிறவர்களுக்கு

அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். அணிகளின் பொது மேலாளர்களுக்கும் வீரர் தேர்வுப் பிரிவுத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

ஹூஸ்டனில் குடியிருக்கும், இந்த ஊர் அணியான டெக்ஸன்ஸின் ரசிகன் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் உங்களில் ஒருவரும் படிக்கப் போவதில்லை என்று தெரியும். பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன்னால் உட்காரும் தமிழ்க் குடும்பங்கள் இந்த ஊரில் உண்டு. அவர்கள் முன்னிலையில் உங்களிடம் ஒரு கணக்குக் கேட்கிறேன், அவ்வளவுதான்.

கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் டிராஃப்டுக்கு வரும் இளம் குவார்ட்டர்பேக்குகளுக்கு (தாக்குதலை நடத்திப் பந்தை எறிகிறவர்களுக்கு) அறிவுத் தேர்வு வைக்கிறீர்களே, அதில் வாங்கும் மதிப்பெண்ணை வைத்து அவர்கள் பின்னால் எப்படி ஆடுவார்கள் என்று சொல்ல முடிகிறதா? முடிகிறது என்றால் ஆதாரத்தை வெளியே வையுங்கள். பல பத்தாண்டுகளின் மதிப்பெண்கள் உங்கள் அலமாரிகளில்தான் இருக்கின்றன. அதே வீரர்கள் எறிந்த ஒவ்வொரு பந்தின் கணக்கும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வெளியாள் யாருக்கும் நீங்கள் முழுதாக இடம் கொடுத்ததில்லை.

2023 ஏப்ரலில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். டிராஃப்டுக்குச் சில நாட்கள் முன்பு, எஸ்2 என்ற கணினித் தேர்வில் சி.ஜே. ஸ்ட்ரௌட் என்ற குவார்ட்டர்பேக் 18 வாங்கினார் என்று செய்தி கசிந்தது. நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் பெரும்பாலோர் அவருக்கு மேலே இருப்பார்கள் என்று பொருள். இன்னொரு குவார்ட்டர்பேக்கான பிரைஸ் யங் வாங்கியது 98 என்றார்கள். கசிந்த எண்கள் சரியானவை அல்ல என்று தேர்வை நடத்தும் நிறுவனமே மறுத்தது. யார் காதில் ஏறியது? விளையாட்டு ரேடியோவில் நாள் முழுக்க அதே பேச்சு. இருபத்தோரு வயதுப் பையன், ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இரண்டு சீசன் பந்தைக் கச்சிதமாக எறிந்து காட்டியவன், ஒரே வாரத்தில் 'புத்தி மெதுவாக வேலை செய்கிறவன்' ஆகிவிட்டான். கரோலைனா அணி முதல் இடத்தில் யங்கை எடுத்தது. இரண்டாவது இடத்தில் எங்கள் அணி ஸ்ட்ரௌட்டை எடுத்தது.

அந்த வருடம் நவம்பர் 5, டாம்பா பே அணியோடு ஆட்டம். டெக்ஸன்ஸில் பந்தை உதைக்கும் கிக்கர் காயம்பட்டு வெளியேறிவிட்டார். பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கான டாரே ஒகுன்போவாலே வந்து, மூன்று புள்ளி தரும் ஃபீல்டு கோலை உதைக்க வேண்டிய நிலை. கடைசி நேரத்தில் டாம்பா பே 37-33 என்று முன்னே போனது. மீதி 46 வினாடி. போக வேண்டிய தூரம் 75 யார்டு. ஃபீல்டு கோலால் பயனில்லை, பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்த்து ஆறு புள்ளி எடுக்கும் டச் டவுனே வேண்டும். ஸ்ட்ரௌட் அவசரப்படவே இல்லை. எதிர் அணியின் பின்வரிசை எப்படி நிற்கிறது என்று ஒரு பார்வை, யார் தனியாக மாட்டப் போகிறான் என்று ஒரு கணிப்பு, பந்து கையை விட்டுப் போய்விடும். ஆறு வினாடி மிச்சம் இருக்கும்போது சக வீரர் டேங்க் டெல்லுக்கு எறிந்த பந்து டச் டவுன். 39-37. அன்று அவர் எறிந்தது 470 யார்டு, ஐந்து டச் டவுன். முதல் வருட வீரர் எவரும் அதுவரை ஓர் ஆட்டத்தில் அத்தனை யார்டு எறிந்ததில்லை. சீசன் முடிவில் தாக்குதல் பிரிவின் சிறந்த புதுமுகம் என்ற விருதும் அவருக்குத்தான். அதே சீசனில் கரோலைனா வென்றது இரண்டே ஆட்டம்.

உடனே '98 வாங்கியவன் தோற்றான், 18 வாங்கியவன் ஜெயித்தான்' என்று கைதட்ட நான் தயாரில்லை. அது யங்குக்குச் செய்யும் அநியாயம். அவருக்கு முன்னால் நின்ற தடுப்பு வரிசை ஓட்டையாக இருந்தது. பயிற்சியாளரை நவம்பரிலேயே வேலையை விட்டு அனுப்பினார்கள். ஸ்ட்ரௌட்டுக்கு நல்ல பயிற்சியாளர்கள் வாய்த்தார்கள். இப்படி எத்தனையோ விஷயம் சேர்ந்துதான் ஒரு குவார்ட்டர்பேக் எழுவதும் விழுவதும். அத்தனையையும் தாண்டி ஓர் எண் எதிர்காலம் சொல்லிவிடும் என்று நீங்கள் நம்புவதுதான் எனக்குப் புரியவில்லை.

எஸ்2 நேற்று வந்தது. அதற்கு முன் நீங்கள் பிடித்துத் தொங்கியது வொண்டர்லிக். எல்டன் வொண்டர்லிக் 1930களில் அலுவலகங்களுக்கும் ஆலைகளுக்கும் ஆள் எடுக்க உருவாக்கியது. 12 நிமிடம், 50 கேள்வி. ஒரு கேள்விக்குப் பதினைந்து வினாடிகூடக் கிடையாது. எதிர்ச்சொல், எண் வரிசையில் அடுத்தது எது, இத்தனை பொருள் இந்த விலை என்றால் அத்தனை பொருள் என்ன விலை, இந்த மாதிரி. 1970களில் டாலஸ் கவ்பாய்ஸ் அணியின் பயிற்சியாளர் டாம் லாண்ட்ரி இதைக் கால்பந்துக்குள் கொண்டுவந்தார் என்பார்கள். அப்புறம் டிராஃப்டுக்கு முன் வீரர்களைச் சோதிக்க இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைனில் எல்லாருக்கும் இதே தாள்தான்.

மதிப்பெண் ரகசியம் என்று பெயர். ஒவ்வொரு வருடமும் கசிந்துகொண்டே இருந்தது. கசிந்ததை வைத்தே பேசுவோம். ஹார்வர்டில் படித்த ரையன் ஃபிட்ஸ்பாட்ரிக் 48 என்கிறார்கள். பல வருடம் பல அணிகளுக்கு ஆடினார், ரசிகர்களுக்குப் பிடித்தவர், ஆனால் ஒரு பிளேஆஃப் ஆட்டத்தில்கூட இறங்கியதில்லை. பிளெய்ன் கேபர்ட் 42. 2011இல் பத்தாவது ஆளாக எடுத்த ஜாக்சன்வில் மூன்றே சீசனில் கைவிட்டது. பெரும் பெயர் வாங்கிய குவார்ட்டர்பேக் டான் மரினோ ஏறக்குறைய 15. டெர்ரி பிராட்ஷாவும் அப்படியே. பிராட்ஷா கதை தனி. 1979இல் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலுக்கு முன்பு டாலஸின் தாமஸ் ஹென்டர்சன், 'கேட்' (cat) என்ற ஆங்கிலச் சொல்லின் மூன்று எழுத்தில் இரண்டைச் சொல்லிக்கொடுத்தாலும் மூன்றாவதைச் சொல்ல அவருக்குத் தெரியாது என்று பத்திரிகைக்காரர்களிடம் கிண்டல் அடித்தார். பிராட்ஷா அந்த ஆட்டத்தில் நான்கு டச் டவுன் எறிந்து, ஆட்ட நாயகன் விருதையும் வாங்கிக்கொண்டு போனார். எதிரே தோற்று நின்றது லாண்ட்ரியின் டாலஸ்.

2018 டிராஃப்டின் முதல் சுற்றில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள். வெளியில் வந்த எண்கள்: ஜாஷ் ஆலன் 37, ஜாஷ் ரோசன் 29, சாம் டார்னால்ட் 28, பேக்கர் மேஃபீல்டு 25, லமார் ஜாக்சன் 13. ஆலன் பெரிய வீரரானார், சரி. ஆனால் இரண்டாம் மதிப்பெண்காரர் ரோசனை அரிசோனா ஒரே வருடத்தில் விற்றுவிட்டது. கடைசி மதிப்பெண்காரர் ஜாக்சன், முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32ஆவதாகப் போனவர். 2019இல் வாக்களித்த ஐம்பது பேரும் அவரையே எம்.வி.பி. (லீகின் மிகச் சிறந்த வீரர்) என்றார்கள். 2023இல் மறுபடியும்.

உங்களில் சிலர் வின்ஸ் யங் என்ற குவார்ட்டர்பேக்கை இழுப்பீர்கள். இழுங்கள், இந்த ஊர்ப் பையன்தானே. 2006இல் அவருக்கு 6 என்று கசிந்தது, மறுபடி எழுதி 16 என்றார்கள். முதல் வருடமே சிறந்த புதுமுகம். டென்னசி அணிக்காக இங்கே வந்து, கூடுதல் நேரத்தில் 39 யார்டு ஓடி எங்களையே தோற்கடித்தார். (அன்று ஸ்டேடியத்தில் பாதிப் பேர் மனசுக்குள் அவருக்குத்தான் கைதட்டினார்கள் என்பது என் சந்தேகம்.) அப்புறம் சரிந்துவிட்டார். 'பார்த்தீர்களா, 6 வாங்கியவன்' என்று இன்னும் சொல்கிறார்கள். அதே டிராஃப்டில் பத்தாவதாகப் போன மேட் லைனார்ட்டுக்கு 35. அவரும்தான் சரிந்தார். அவருடைய மதிப்பெண்ணை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

ஆட்களை இப்படி எடுத்துக் காட்டினால் நீங்களும் நாலு பேரைக் காட்டுவீர்கள். அதனால்தான் ஆய்வுகள். 2009இல் 762 வீரர்களின் வொண்டர்லிக் மதிப்பெண்ணையும் ஆட்டத்தையும் லயன்ஸ், ஹாஃப்மன், மிஷெல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஒப்பிட்டார்கள். தொடர்பு ஏறக்குறைய பூஜ்யம். டைட் எண்டு (பந்து பிடிக்கவும் எதிராளியைத் தடுக்கவும் செய்பவர்), பின்வரிசைத் தடுப்பாளர் ஆகிய இடங்களில் மதிப்பெண் கூடக்கூட ஆட்டம் குறைந்திருந்தது. 2011இல் டேவிட் பெர்ரி, ராப் சிம்மன்ஸ் இருவரும் குவார்ட்டர்பேக்குகளை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். வொண்டர்லிக் மதிப்பெண் ஒரு வீரர் எத்தனையாவது ஆளாக எடுக்கப்படுகிறார் என்பதைத் தொட்டது. களத்தில் எப்படி ஆடுகிறார் என்பதைத் தொடவில்லை. மேலாளர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அந்தத் தேர்வு முன்கூட்டிச் சொன்னது வீரரை அல்ல, உங்களை.

உங்கள் பக்கம் ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். சாதாரண வேலைகளில் இந்த வகைத் தேர்வுகளுக்கும் வேலைத் திறனுக்கும் தொடர்பு உண்டு என்பது பல பத்தாண்டு ஆய்வுகளில் தெரிந்த விஷயம்தான். கம்பைனுக்கு வருகிற பையன்களோ பள்ளியிலும் கல்லூரியிலும் பலமுறை சலித்து எடுக்கப்பட்டவர்கள். ஆட்டத்தைப் படிக்கத் தெரியாதவன் அங்கே வரைக்கும் வந்திருக்கவே மாட்டான். எஞ்சியவர்களுக்குள் தொடர்பு மங்கித் தெரிவது இயல்பு என்று புள்ளியியல் தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் ஆள் எடுப்பது அந்த எஞ்சியவர்களுக்குள்தானே? அவர்களைப் பிரித்துக் காட்டாத தேர்வு உளவியல் வகுப்பில் எவ்வளவு மதிப்பாக இருந்தாலும் உங்கள் மேஜைக்கு உதவாது. போதாக்குறைக்கு, ஏஜெண்டுகள் டியூஷன் வைத்துத் தயார் செய்கிறார்கள். பிறகு அந்த எண் எதை அளக்கிறது? மூளையையா, டியூஷனையா?

2012இல் மோரிஸ் கிளெய்போர்னுக்கு 4 என்று கசிந்தது. அவர் எதிரணியில் பந்து பிடிப்பவர்களைத் தடுக்கும் கார்னர்பேக், குவார்ட்டர்பேக் இல்லை. தாளில் கால்பந்தைப் பற்றி ஒன்றுமே இல்லை, அதனால் பொருட்படுத்தவில்லை என்று அவரே பின்னால் சொன்னார். நியாயமாகத்தான் இருக்கிறது. டாலஸும் அதைக் கண்டுகொள்ளாமல் ஆறாவது ஆளாக எடுத்தது. ஆனால் அவர் பெயரைத் தேடினால் அந்த 4 இன்னும் கூடவே வருகிறது.

வேறு ஒன்றும் கூடவே வருகிறது. கேலிக்கு ஆளானவர்களாக நமக்கு நினைவிருக்கும் பெயர்களைப் பாருங்கள்: வின்ஸ் யங், கிளெய்போர்ன், ஜாக்சன், ஸ்ட்ரௌட். கறுப்பின வீரனுக்குக் கை இருக்கிறது, கால் இருக்கிறது, குவார்ட்டர்பேக் ஆடும் தலை இல்லை என்று இந்த ஆட்டத்தில் நெடுநாள் பேசினார்கள். 1978இல் வாரன் மூன் என்ற கறுப்பினக் குவார்ட்டர்பேக்கை எந்த அணியும் எடுக்கவில்லை. கனடாவுக்குப் போய் எட்மன்டனுக்காக வரிசையாக ஐந்து கோப்பை வென்ற பிறகுதான் எங்கள் ஊரின் பழைய அணியான ஆயிலர்ஸ் அவரை 1984இல் அழைத்துவந்தது. இன்று அவர் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். வொண்டர்லிக்குக்கு நீதிமன்ற வரலாறும் உண்டு. வட கரோலைனாவில் டியூக் பவர் நிறுவனம் இந்தத் தேர்வையும் இன்னொன்றையும் வைத்துக் கறுப்பினத் தொழிலாளர்களை நல்ல வேலைகளுக்குப் போகவிடாமல் தடுத்தது. 1971இல் உச்ச நீதிமன்றம் சொன்னது நேரடியானது: தேர்வு அந்த வேலைக்கான தகுதியை அளக்க வேண்டும், அப்படி அளக்கிறது என்று காட்ட வேண்டியது முதலாளியின் பொறுப்பு. மின் நிலையத்தில் நிலக்கரி கையாளும் வேலைக்குக் கேட்ட ஆதாரத்தை, கோடிக்கணக்கான டாலர் ஒப்பந்தத்துக்கு நீங்கள் ஏன் தரவில்லை?

குவார்ட்டர்பேக்குக்கு மூளை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 40 வினாடிக் கடிகாரம் ஓடும். 15 வினாடி இருக்கும்போது ஹெல்மெட் ரேடியோ அடங்கிவிடும். அதற்குள் நீளமான ஓர் அழைப்பைக் கேட்டு, பத்துப் பேருக்குத் தப்பில்லாமல் திருப்பிச் சொல்லி, எதிர்வரிசையைப் பார்த்துத் தேவைப்பட்டால் மாற்ற வேண்டும். பந்து கைக்கு வந்தபின் கிடைப்பது மூன்று வினாடி பக்கம், அதுவும் நூற்றிருபது கிலோ ஆட்கள் பாய்ந்து வரும்போது. அந்த மூளையைப் பார்க்க ஒரு வழி உங்களிடமே இருக்கிறது. முப்பது பேர் வரை உங்கள் அலுவலகத்துக்கு வரவழைக்கலாம் என்று விதி. பையனை வெள்ளைப் பலகை முன்னால் நிறுத்தி, அவன் கேட்டறியாத ஓர் ஆட்டமுறையைச் சொல்லிக்கொடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வந்து திருப்பிப் போடச் சொல்லுங்கள். தப்பு செய்தால் ஏன் என்று கேளுங்கள். நல்ல பயிற்சியாளர்கள் ஏற்கெனவே செய்வதுதான் இது. இதிலிருந்து ஓர் எண் வராது, தலைப்புச் செய்தியும் வராது.

2022இல் வொண்டர்லிக்கைக் கம்பைனிலிருந்து எடுத்தீர்கள், நல்லது. அடுத்த வருடமே எஸ்2 எண்ணை வைத்து அதே கூத்து. அந்த 2022 சுற்றறிக்கையிலேயே, நேர்காணலில் வீரரை இழிவாக நடத்தும் அணிக்குக் குறைந்தது 1,50,000 டாலர் அபராதமும், முதல் நான்கு சுற்றுகளுக்குள் ஒரு டிராஃப்ட் வாய்ப்பு இழப்பும் என்று எழுதினீர்கள். மதிப்பெண்ணைக் கசியவிடும் அணிக்கும் அதே தண்டனையை அடுத்த சுற்றறிக்கையில் சேருங்கள். அதோடு, பழைய மதிப்பெண்களை வீரர்களின் பெயரை நீக்கிவிட்டு, வீரர் சங்கமும் நீங்களும் சேர்ந்து நியமிக்கும் ஆய்வாளர்களிடம் கொடுங்கள். அவர்கள் தொடர்பு இருக்கிறது என்று காட்டினால், அடுத்த பிப்ரவரியில் இண்டியானாபொலிஸுக்கு எந்தத் தாளை வேண்டுமானாலும் கொண்டுபோங்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஹூஸ்டனிலிருந்து ஒரு டெக்ஸன்ஸ் ரசிகன்