எத்தனை சதவீதம் என்று பம்பில் எழுதுங்கள்

எங்கள் ஊரில் ஈ85 (பயிரிலிருந்து எடுக்கும் எத்தனாலும் பெட்ரோலும் கலந்த எரிபொருள்) விற்கும் பங்க் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதினேன், பதில் வரவில்லை. அமெரிக்காவின் மினசோட்டா குளிரில் வண்டி ஓட்டும் நம் ஆட்களும் படிக்கட்டும் என்று இந்த முறை தமிழில், பொதுவில் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பு உங்களுக்கும் வரும்.

ஜனவரியில் நடந்ததை பில்லோடு அனுப்பியிருந்தேன். காலை ஐந்தரை மணி, மைனஸ் 24 டிகிரி. இரவு ஷிஃப்ட் முடித்த மனைவியை அழைத்துவரக் கிளம்பினேன். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. நான்காவது முறையில் பேட்டரியும் இழுக்க ஆரம்பித்தது. பன்னிரண்டு மணி நேரம் நோயாளிகளோடு நின்றவள் பஸ் பிடித்து வீடு வந்தாள். கதவைத் திறந்தபோது அவள் இமை மயிரில் பனி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். நுனி நனைந்து சொட்டியது. எரிபொருள் உள்ளே போயிருக்கிறது, ஆவியாகவில்லை. கதகதப்பான கராஜில் மூன்று மணி நேரம் நின்றதும் அதே வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது.

வண்டி ஃப்ளெக்ஸ் ஃப்யூவல் வண்டிதான், பெட்ரோலிலும் ஓடும், ஈ85-இலும் ஓடும்; அதில் பழுதில்லை. சுத்தமான எத்தனால் சுமார் 13 டிகிரிக்குக் கீழே பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடாது. பெட்ரோல் மைனஸ் 40-ஐ ஒட்டியும் விடும். அதனால்தான் ஈ85 என்ற பெயரில் 51 முதல் 83 சதவீதம் வரை எத்தனால் இருக்கலாம் என்று இந்த நாட்டின் தரவிதி இடம் கொடுக்கிறது. குளிர்காலத்தில் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளத்தான் அந்த இடம். உங்கள் பம்பிலோ வருடம் முழுக்க "51 - 83" என்ற ஒரே ஸ்டிக்கர். உள்ளே கோடைச் சரக்கா, குளிர்காலச் சரக்கா? தொட்டியில் கடைசி லோடு இறங்கியது செப்டம்பரில் என்று கவுன்டரில் இருந்த பையன் சொன்னான். எனக்கு அது ஜனவரியில், டோ டிரக் வந்து போன பிறகு தெரிந்தது.

எஞ்சினைக் கரண்டில் சூடாக்கி வைக்கும் பிளாக் ஹீட்டர் போடச் சொல்கிறார்கள். போட்டிருக்கிறேன். கிரில்லிலிருந்து வயர் தொங்குகிறது, அதைச் செருக அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் இல்லை. வாடகை வீட்டுக்காரர்களை யார்தான் நினைத்துப் பார்க்கிறார்கள்? பிரேசிலில் பெரும்பாலான இடங்களில் நம் அக்டோபர் அளவுக்குக்கூட வராத குளிருக்கே, ஸ்டார்ட் செய்ய மட்டும் பானட்டுக்குள் தனியாகச் சின்ன பெட்ரோல் தொட்டி வைத்துக் கொடுத்தார்கள். 2009-இல் எத்தனாலைச் சூடாக்கிப் பீய்ச்சும் கார்களும் வந்துவிட்டன. அங்கே வண்டி விற்றவர்கள் குளிரையும் கணக்கில் எடுத்தார்கள். இங்கே எல்லாம் வாங்குகிறவன் தலையில்.

எத்தனால் மேல் எனக்குக் கோபம் இல்லை. கரும்பு வெட்டி ஆலைக்கு வண்டி கட்டிய வீட்டில் பிறந்தவன் நான். விவசாயி விளைவித்தது எரிபொருளாவதில் எனக்குப் பெருமைதான். ஆனால் வாங்குகிறவனிடம் அளவைச் சொல்லித்தானே விற்க வேண்டும்?

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து நவம்பர் முதல் மார்ச் வரை இரண்டே விவரங்களைப் பம்பில் எழுதி ஒட்டுங்கள்: இப்போது தொட்டியில் எத்தனால் எத்தனை சதவீதம், கடைசி லோடு இறங்கிய தேதி என்ன. அதைப் பார்த்து ஈ85 போடுவதா, சாதா பெட்ரோல் கலந்துகொள்வதா என்று நாங்களே முடிவு செய்துகொள்வோம்.

அடுத்த குளிருக்கு முன் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பங்கில் ஆறு வருடமாக நிரப்பும் ஒரு வாடிக்கையாளன்