ஐந்து அடுப்பு

காரைக்குடி

அன்புள்ள சொக்கு,

பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபிக்காதே. ஆத்தாவுக்குக் கண் ஆபரேஷன். இப்போது தேவலை. டிவி பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பத்து நாளும், கண்ணை மூடிக்கொண்டு சீரியலைக் காதாலேயே பார்த்து முடித்தார்!

டிவியும் யூடியூபும் ஊரைக் கெடுத்துவிட்டதா என்று கேட்டிருந்தாய். போன மாதம் ரீல்ஸ் எடுக்க மூன்று பையன்கள் வந்தார்கள். மரியாதையான பிள்ளைகள்தான். வளவு முற்றத்தில் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. "ஆச்சி, அந்த முறத்தை மட்டும் எடுத்துடுங்களேன், ஃபிரேம்ல விழுது" என்றான் ஒருவன். ஆத்தாவும் எடுத்தார். வீடியோவில் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் பளபளக்கின்றன, ஒரு மனுஷ வாடை இல்லை. கீழே ஒருவர், "பேய் வீடு மாதிரி இருக்கு" என்று எழுதியிருக்கிறார்.

அதைக்கூட விடு. சீரியலில் செட்டிநாட்டு வீடு என்றால் முப்பது பேர், ஒரே அடுப்படி, அங்கேயும் பட்டுப்புடவை, மாமியார் மருமகள் சண்டை. நம் வீடுகளில் நடந்தது என்ன? கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் மகனையும் மருமகளையும் வேறு வைத்துவிடுவார்கள். ஒரே கூரை, ஆளுக்கொரு அடுப்பு, தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு. அடுப்படிச் சண்டைக்கே இடம் கொடுக்காமல் பெரியவர்கள் செய்த ஏற்பாடு. அதைக் காட்டினால் சீரியலில் கதை நகராது போல. எந்தச் சீரியல் ஓடுகிறது என்று நாடு முழுக்க 50,000 சொச்சம் வீடுகளில் டிவிக்கு மீட்டர் வைத்துக் கணக்குப் பார்க்கிறார்கள். எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, இங்கே மீட்டர் வைத்து என்ன செய்ய? இத்தனைக்கும் 1940-களில் ஏவி.எம். சினிமா ஸ்டூடியோவே நம் ஊர்ப் பக்கம் தேவகோட்டை ரஸ்தாவில் இருந்தது; அப்படியும் நம் வீட்டு வழக்கம் கதை எடுப்பவர்களுக்குத் தெரியவில்லை.

அப்புறம், எனக்குத் தூக்கிவாரிப்போட்டது இதுதான். போன வாரம் பேத்தி சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில் கேட்டாள்: "அப்பத்தா, நீங்கல்லாம் சீரியல்ல வர்ற மாதிரி ஒண்ணாத்தான் சமைப்பீங்களா?" ஆத்தா சற்றும் யோசிக்காமல், "ஆமாண்டி, எல்லாரும் ஒரே அடுப்படிதான்" என்றார். கல்யாணமான நாலாம் மாதமே வேறு வைக்கப்பட்டவர் சொக்கு! தன் அடுப்பு, தன் பாத்திரம், தன் அரிசிக் கணக்கு என்று நாற்பது வருஷம் ஆண்டவர். பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.

நான் திருத்தவில்லை. விளம்பரம் முடிந்து சீரியல் வேறு ஆரம்பித்துவிட்டது.

மாசியில் வருவாய்தானே? பின்கட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருந்தேன், இப்போது வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். சுவரில் கரிப்பட்ட இடம் ஐந்தும் அப்படியே இருக்கிறது.

அன்புடன்,
முத்து