பெரியம்மாவுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

பெரியம்மாவின் ரத்தப் புற்றுநோய்க்கான 80 ஆர்சனிக் ஊசியும் முடிந்தது. கடைசிப் பரிசோதனையில் நோய்க்குக் காரணமான பிஎம்எல்-ராரா என்ற பிறழ்ந்த மரபணு தென்படவில்லை.

ரத்தப் புற்றுநோய் என்றால் வெள்ளையணு எகிறும் என்றுதான் நினைப்போம். இவருக்கு வெறும் 1,800. ஈறில் கசிவு, கை பட்ட இடமெல்லாம் நீலம். டெங்கு என்றே போயிருக்கும். ஸ்லைடில் விறகுக்கட்டுபோல் குச்சிகள் அடுக்கிய அணுக்களைக் கண்டு, அன்று மாலையே டாக்டரைப் போனில் பிடித்த லேப் தங்கைக்கு முதல் நன்றி. இது ஏபிஎல் (அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகீமியா) என்ற ரத்தப் புற்றுநோய் வகை. முதல் சில நாட்களில் ரத்தக்கசிவுதான் ஆளைக் கொல்லும். அதைத் தாண்டினால் பெரும்பாலும் குணமாகிவிடும். அதனால்தான் மரபணு ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் டாக்டர் அன்றிரவே, முதிராத அணுக்களை முதிரவைக்கும் ஏடிஆர்ஏ மாத்திரையைத் தொடங்கினார்: காலை 4, இரவு 3, சாப்பாட்டோடு.

ரத்தக்கசிவை அடைக்கும் பிளேட்லெட் அணுக்கள் 30,000-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டது நீங்கள்தான், தம்பிகளே. மெஷினில் ஒருவரிடமிருந்து எடுக்கும் ஒரு பை, சாதாரணப் பை ஐந்தாறுக்குச் சமம். ஒன்றரை மணி நேரம் கை அசையாமல் படுக்க வேண்டும். மூன்று நாளுக்குள் ஆஸ்பிரின் போட்டிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படித் திரும்பியவர்களுக்கும் நன்றி, உண்மையைச் சொன்னதற்கு. பையை ஐஸ் பெட்டியில் வைக்கப் போன எங்களைத் தடுத்த ரத்த வங்கி அண்ணனை மறக்க முடியாது. குளிர்ந்தால் பிளேட்லெட் உடம்பில் நிற்காதாம். அறைச் சூட்டில், லேசாக ஆட்டியபடி கொண்டு வந்தோம். ரத்தம் உறைய உதவும் புரதங்கள் உள்ள கிரையோ வேறு கதை: உறைந்து கிடப்பதை 37 டிகிரித் தண்ணீரில் உருக்கினால் சில மணி நேரத்துக்குள் ஏற்றியாக வேண்டும். அந்தப் புரதங்களில் முக்கியமான ஃபைப்ரினோஜன் 150-ஐத் தொடும்வரை நள்ளிரவிலும் சலிக்காமல் உருக்கித் தந்தார்.

எட்டாம் நாள் வெள்ளையணு 24,000. வீட்டில் எல்லோரும் இடிந்துபோனோம். ஆனால் நோய் முற்றவில்லை. மருந்து வேலை செய்து, முதிராத அணுக்கள் முதிர்ந்து வெளியே வருகின்றன என்று டாக்டர் விளக்கினார். ஆபத்து அதிலும் உண்டு: உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். தினமும் காலையில் ஒரே தராசில் எடை பார்த்த நர்ஸ் அக்கா, இரண்டு நாளில் 4 கிலோ ஏறியதைப் பிடித்தார். இருமலும் மூச்சிரைப்பும் அதன் பிறகுதான் தொடங்கின. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 10 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, உடனே ஏறியது. நீர் வடிய ஐந்து நாள் ஆயிற்று.

மருந்துக்கடைத் தம்பிக்குத் தனி நன்றி. ஆர்சனிக் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் குழப்பும். வழக்கமான வாந்தி மாத்திரையும் அதையேதான் செய்யும். சீட்டைப் பார்த்ததும் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன் என்று நின்றார். ஈசிஜி எடுத்தவர்களும், பொட்டாசியம் 4-க்குக் கீழே போனதும் சொன்னவர்களும் அதே காவல்தான் காத்தார்கள்.

பிறகு வாரம் ஐந்து நாள் ஆர்சனிக் ஊசி, நான்கு வாரம். அடுத்த நான்கு வாரம் ஓய்வு. இப்படி நான்கு சுற்று. அத்தனை நாளும் காலை ஏழுக்கு வாசலில் நின்றது ஆட்டோ அண்ணன்.

அடுத்த பரிசோதனை மூன்று மாதம் கழித்து. அதற்கு யாரும் லீவு போட வேண்டாம். அண்ணன் இப்போதே தேதியைக் கேட்டு வாங்கிவிட்டார்.

அன்புடன்,
பெரியம்மாவின் பிள்ளைகள்