பால் காய்ச்சும் முன் வீட்டுக்கு எந்தக் காப்பீடு?

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்தில் வீடு கட்டி வருகிறோம். பூச்சு முடிந்து, டைல்ஸ் ஒட்டி, ஒயரிங்கும் இழுத்தாயிற்று. பாக்கி பெயின்ட், மாடிப்படிக் கைப்பிடி, காம்பவுண்டு சுவர். தையில் பால் காய்ச்ச வேண்டும். அதற்குள் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டியாக வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் எங்கள் மாவட்டத்தைப் படுத்திய பாட்டைப் பார்த்தவர்களுக்கு, இப்போது ஏன் காப்பீடு தேடுகிறேன் என்று விளக்க வேண்டியதில்லை.

முதலில் சொல்லப்பட்டது 'கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்', கட்டட வேலை நடக்கும்போது நேரும் சேதத்துக்கான பாலிசி. என் கைக்கு வந்த விண்ணப்பம் எடுத்த எடுப்பிலேயே ஒப்பந்ததாரர் பெயரையும் ஒப்பந்தத் தொகையையும் கேட்டது. இங்கே தனி வீடுகள் பெரும்பாலும் லேபர் கான்ட்ராக்டில்தான் எழும்புகின்றன. சிமென்ட், கம்பி, மணல், செங்கல் எல்லாம் வீட்டுக்காரர் வாங்கிப் போடுவார். மேஸ்திரிக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று வாய்ப்பேச்சு, சனிக்கிழமை பட்டுவாடா, நோட்டில் ஒரு வரி. இதில் எதை ஒப்பந்தத் தொகை என்று எழுதுவது? கூலியை மட்டும் எழுதினால் வீட்டு மதிப்பில் பாதிகூட வராது. தவிர, கட்டடத்தில் புழக்கத்துக்கு வந்துவிட்ட பகுதிக்கு இந்தப் பாலிசி அதோடு சரி. கீழே குடிபோய்விட்டு மாடி வேலையை மெதுவாக முடிப்பதுதானே நம் ஊர் வழக்கம்?

அடுத்தது, 2021 ஏப்ரல் 1 முதல் நீங்கள் நடைமுறைக்குக் கொண்டுவந்த வீட்டுக் காப்பீடான பாரத் கிருஹ ரக்ஷா. நல்ல திட்டம், குறை சொல்ல மனம் வரவில்லை. கார்பெட் ஏரியாவையும், அதாவது வீட்டுக்குள் புழங்கும் தரைப் பரப்பையும், கட்டுமானச் செலவையும் வைத்துக் காப்பீட்டுத் தொகை. மனை விலை சேராது. காம்பவுண்டு சுவர், தண்ணீர்த் தொட்டி வரை கட்டடக் கணக்கில் வரும். ஆனால் நான் கேட்ட நிறுவனத்தில், "வேலை முடியட்டும் சார், நிறைவுச் சான்றோடு வாங்க" என்றார்கள். சிறிய குடியிருப்பு வீடுகளுக்கு அந்தச் சான்றே வேண்டாம் என்று தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள் விலக்கு தந்திருக்கின்றன. கொடுக்காத சான்றுக்கு நான் யாரிடம் போய் நிற்பேன்?

இதைவிட என்னை உறுத்துவது திருட்டு. ராத்திரி ஆளில்லாத வீடு. உள்ளே புதுக் கதவுகள், பித்தளைக் குழாய்கள், மோட்டார். ஸ்விட்ச் பாக்ஸில் கைவிட்டுச் செம்புக் கம்பியை உருவிக்கொண்டு போனால், மறுபடி இழுக்கும் கூலியும் நம் தலையில். கிருஹ ரக்ஷாவிலும் திருட்டு உண்டுதான். தீயோ வெள்ளமோ சேதம் செய்து ஏழு நாளுக்குள் நடந்த திருட்டாக இருக்க வேண்டும். திருடன் புயலுக்குக் காத்திருப்பானா?

வங்கியில் கேட்டால், "லோனோடயே இன்சூரன்ஸ் போட்டாச்சே" என்கிறார்கள். பிரித்துப் படித்தால் அது என் உயிருக்கு, சுவருக்கு இல்லை.

ஆகவே, கிருஹ ரக்ஷாவிலேயே கூரை கான்கிரீட் போட்டு முடிந்த நாளிலிருந்து தொடங்கும் ஒரு பிரிவைச் சேருங்கள். கடன் தவணைக்காக வங்கிப் பொறியாளர் தரும் மதிப்பீட்டையே சான்றாக ஏற்கச் சொல்லுங்கள். திருட்டுக்குத் தனியாகப் பிரீமியம் வாங்கிக்கொள்ளட்டும், தருகிறோம். ஒப்பந்ததாரர் பெயருக்குப் பக்கத்தில் 'உரிமையாளரே கட்டுகிறார்' என்று ஒரு கட்டம் இருக்கட்டும். குடிபோன பிறகு அதே பாலிசி, புதுப் படிவம் கேட்காமல், வீட்டுப் பாலிசியாகத் தொடர வேண்டும்.

இப்படிக்கு,
சொந்தமாக வீடு கட்டும் ஒருவர்,
விழுப்புரம் மாவட்டம்.