மாத்திரை டப்பா யாருக்கெல்லாம் சொல்லும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஸ்மார்ட் மாத்திரை டப்பாக்களைப் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கும் சிம் கார்டு மூலம் மருத்துவமனைக்குத் தகவல் போகும், திறக்க மறந்தால் நோயாளியின் போனுக்குக் குறுஞ்செய்தி வரும் என்று நன்றாகவே விளக்கியிருந்தார்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்புக்கு என்றால் சரி. எச்.ஐ.வி. கூட்டு மருந்துக்கும் இது உதவும் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனதுதான் எனக்கு இடிக்கிறது.

எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில், ஆலோசனை சொல்லும் ஆற்றுநராகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் மருந்து சாப்பிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாமியாருக்குத் தெரியாது, சில வீடுகளில் கணவருக்கே தெரியாது. டப்பாவின் லேபிளைக் கிழித்துவிடுவார்கள். மாத்திரைகளைச் சத்து மாத்திரை பாட்டிலுக்கு மாற்றுவார்கள். பையில் குலுங்கிச் சத்தம் கேட்கக் கூடாதென்று பஞ்சு அடைப்பவர்களும் உண்டு. யாராவது கேட்டால் தைராய்டு மாத்திரை. இப்போது பெரும்பாலானவர்களுக்குத் தினம் ஒரே மாத்திரைதான் என்பதில் அவர்களுக்குப் பாதி நிம்மதியே, மறைப்பது சுலபம் என்பதுதான். அவர்களிடம் போய் சார்ஜ் போட வேண்டிய ஒரு டப்பாவைக் கொடுத்தால் எங்கே வைப்பார்கள்? "இது என்னம்மா?" என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வார்கள்?

கருவியே இல்லாத முறையும் நம் நாட்டில் வந்தது. காசநோயும் எச்.ஐ.வி.யும் சேர்ந்து உள்ளவர்களுக்கு எச்.ஐ.வி. கூட்டு மருந்து கொடுக்கும் ஏஆர்டி மையங்களில் கொண்டுவந்த 99டாட்ஸ். மாத்திரைப் பட்டையைச் சுற்றி ஒரு அட்டை உறை. மாத்திரையைப் பிதுக்கி எடுத்தால் பின்னால் ஒளிந்திருக்கும் எண் தெரியும். அந்த இலவச எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மாத்திரை எடுத்ததாகப் பதிவாகும், அவ்வளவுதான். கெட்டிக்கார யோசனை, செலவும் குறைவு. ஆனால் அந்த போன் யாருடையது? வீட்டுக்கே ஒரு போன், அதுவும் கணவர் சட்டைப்பையில் என்றிருக்கும் பெண் தினமும் எப்படிக் கூப்பிடுவாள்? சென்னை, வேலூர், மும்பையில் சிறுநீரைப் பரிசோதித்து அழைப்புப் பதிவோடு ஒப்பிட்டபோது, மாத்திரை போட்டவர்கள் சிலர் கூப்பிடவே இல்லை என்பது தெரிந்தது. கணினியில் அவர்கள் மருந்தை விட்டவர்கள்.

டப்பாவால் பலனே இல்லை என்று சொல்ல வரவில்லை. சீனாவின் நான்னிங் நகரில் டப்பா, நினைவூட்டல், ஆலோசனை மூன்றும் சேர்ந்து கிடைத்தவர்கள் மருந்தை ஒழுங்காக எடுத்தார்கள். இங்கேயும் தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர் விரும்பினால் தாராளமாகக் கொடுக்கலாம். கொடுக்கும் முன்னால் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்குத் தெரியும், போனை யார் எடுத்துப் பார்ப்பார்கள் என்று உட்கார்ந்து கேட்க வேண்டும். குறுஞ்செய்தியில் மருந்து, மருத்துவமனை என்ற வார்த்தையே வரக் கூடாது. வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். அப்படி மறுத்தவரை "ஒத்துழைக்காதவர்" என்று ஃபைலில் எழுதுகிற பழக்கம் இருக்கிறதே, அது முதலில் ஒழிய வேண்டும். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான், ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று அளக்கும் வைரல் லோடு பரிசோதனை இருக்கிறது, அரசு அதை இலவசமாகவே செய்கிறது.

அப்புறம், இந்தத் தகவலெல்லாம் எங்கே போய்ச் சேருகிறது? சிங்கப்பூரில் அரசுப் பதிவேட்டிலிருந்தே 14,200 பேருடைய பெயர், முகவரி, போன் எண்ணோடு எச்.ஐ.வி. விவரமும் இணையத்தில் கசிந்தது 2019-இல் தெரியவந்தது. அரசிடம் இருந்ததற்கே அந்தக் கதி. நம் நாட்டில் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், ஒருவரின் சம்மதம் இல்லாமல் அவர் நிலையை வெளியே சொல்லக் கூடாது என்கிறது. இந்த விவரங்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் அவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்றும் சொல்கிறது. டப்பா விற்கும் கம்பெனியின் சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது, அதை யார் யார் திறந்து பார்க்கலாம், மருந்தை நிறுத்தியவரின் விவரம் எத்தனை வருடம் அங்கே கிடக்கும் என்று கட்டுரையாளர் கேட்டாரா? கேட்டிருந்தால் கிடைத்த பதிலை அடுத்த இதழில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆற்றுநர்,
திண்டுக்கல்.